ஊசி துள்ளிய இடம்

"டெல்பர்ட் தேறலை!"

ஏரிக்கரை மேடையில் போட்டித் தலைவர் ஹோமர் அறிவித்ததும் கூட்டம் கொதித்துவிட்டது.

கொதிக்காதா பின்னே? முதல் பரிசு புத்தம்புது மோட்டார் படகு. டெக்ஸாஸில் பெரிய மீன்பிடிப் போட்டி என்றால், ஜெயித்தவனைப் பொய் கண்டுபிடிக்கும் கருவி முன் உட்காரவைத்த பிறகுதான் சாவியைக் கொடுப்பார்கள். ஒரே ஒரு கேள்விக்கு அதன் ஊசி துள்ளினாலும் பரிசு கிடையாது.

"திருட்டுப் பயலே! நேத்தே மீனைப் பிடிச்சுக் கூண்டுல அடைச்சு வச்சியா?"

"இவனை உள்ள தள்ளுங்கய்யா! போட்டியில ஏமாத்தினா பத்து வருஷம்னு சட்டம் எதுக்கு இருக்கு?"

"ஊசி துள்ளுச்சுன்னு சொன்னா கோர்ட்டு கேக்காதுப்பா, கண்ணால பார்த்த சாட்சி வேணும்" என்றார் ஹோமர். "ஆனா நம்ம சங்கத்துக்கு ஊசி போதும். டெல்பர்ட், இனி இந்தப் பக்கம் தலையைக் காட்டாதே."

வெளியூர்க்காரர்களை ஏரிக்குள் கூட்டிப்போய் மீன் பிடிக்க வைப்பதுதான் டெல்பர்ட்டின் பிழைப்பு. திருடன் என்று பேர் விழுந்தபின் எவன் கூப்பிடுவான்? அப்படியும் அவன் மறுத்து வாதாடாமல் மேடையை விட்டு இறங்கினான்.

இரண்டாவதாக வந்தவன் அவன் மனைவியின் தம்பி ரஸ்டி. அவனையும் சோதித்தார்கள். கால்மேல் கால் போட்டுக்கொண்டு பதில் சொன்னான். ஊசி அசையவே இல்லை. படகு அவனுக்குப் போனது.

"ஏன் மச்சான், ஆசை இருக்கலாம். அதுக்காக எங்கக்கா மானத்தையா வாங்குவே?" என்று மைக்கிலேயே கேட்டான் ரஸ்டி. ஒரே கைதட்டல்.

டெல்பர்ட் தன் பழைய வண்டியில் போய் உட்கார்ந்தான். மனைவி ரோவீனா பின்னாலேயே வந்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? செஞ்சியா, செய்யலையா?"

"என் மீன் அத்தனையும் நான் இன்னைக்குப் பிடிச்சதுதான், ரோவீனா."

"அப்போ மிஷின் பொய் சொல்லுதா? என் தம்பியைப் பாரு, எவ்வளவு சுத்தமா ஜெயிச்சிருக்கான்! நான் அவன்கூடவே போறேன். உன் பக்கத்துல உக்காரவே கூசுது."

போய்விட்டாள். புதுப் படகில் ஏறித் தம்பியைக் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டாள். டெல்பர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

கருவியை இயக்கிய யான்சி, ஓய்வுபெற்ற போலீஸ்காரர், வண்டி ஜன்னலோரம் வந்து நின்றார்.

"தேறினாரா இல்லையான்னு மட்டும்தான் நான் சொல்லலாம், போட்டி விதி அப்படி. ஆனா மனசு கேக்கலை. உங்க மீனைப் பத்திக் கேட்ட எதுக்கும் ஊசி துள்ளலையே!"

"தெரியும் சார்."

"'வேற யாராவது ஏமாத்தினதைப் பார்த்தீங்களா'ன்னு கேட்டேன். 'இல்லை'ன்னீங்க. அங்கதான் துள்ளுச்சு. யாரைப் பார்த்தீங்க? பேரைச் சொல்லுங்க. படகு உங்களுக்கு, ஜெயில் அவனுக்கு."

டெல்பர்ட் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினான்.

"ரோவீனாவுக்கு இருக்கறது ஒரே தம்பி, சார்."