அணையாத ஆட்டம்

ஆட்டம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து அக்காவின் கேமிங் கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்துவிடும். உள்ளே அடைந்த தூசியைத் தட்டினாள். பவர் சப்ளையையே புதிதாக மாற்றினாள். ஒன்றும் பலிக்கவில்லை.

"நீ தோக்கறதைப் பார்க்க அதுக்கே சகிக்கலைக்கா," என்றான் தம்பி.

இறுதிப் போட்டியன்று காலையில், பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினாள். அன்றைய ஆட்டத்தில் கம்ப்யூட்டர் ஒருமுறைகூட அணையவில்லை. எதிராளிகளைத் துவம்சம் செய்து அவள் ஜெயித்தாள். தம்பி அவளைத் தூக்கிச் சுற்றினான்.

"அப்படி எதைத்தான் சரி பண்ணினே?" என்று மேசைக்கடியில் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். கம்ப்யூட்டரின் பிளக் சுவரில் இல்லை. ஒயரோடு தரையில் கிடந்தது. உள்ளே விசிறிகள் சீராகச் சுழன்றுகொண்டிருந்தன.

அக்காவும் குனிந்து பார்த்தாள். பிறகு அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"கை வச்சுடாதே," என்றாள். "அடுத்த போட்டிக்கும் பேர் கொடுத்துடறேன்."