அடைப்பு மாறிய ஆடுகள்

அன்று ஆட்டுப் பட்டியில் இருந்தவர்கள்: ஹல்தோர், தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து வந்திருந்த அவர் மகள் ரக்னா, பக்கத்துப் பண்ணை தோர்கெல், அவர் மனைவி உன்னூர், மற்றப் பண்ணைக்காரர்கள் முப்பத்தொரு பேர். கோடை முழுக்க மலையில் மேய்ந்துவிட்டு இறங்கிய செம்மறிகள் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

பட்டியின் நடுவில் எல்லா ஆடும் கலந்து நிற்கும். காதில் இருக்கும் பண்ணை அடையாள வெட்டைப் பார்த்து, கொம்பைப் பிடித்து, அவரவர் அடைப்புக்குள் இழுத்துவிட வேண்டும்.

ஹல்தோர் தன் ஆடுகளையே தோர்கெலின் அடைப்பில் கொண்டுபோய்த் தள்ளினார். ரக்னா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்று, இரண்டு, ஏழு.

ஒவ்வொரு தடவையும் தோர்கெல் கதவைத் திறந்துவிட்டு, "நல்ல ஆடு ஹல்தோர், ரொம்ப நன்றி" என்றார்.

அப்பாவுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. அது தோர்கெலுக்கும் தெரியும். ரக்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன மாமா, விவரம் புரியாத மனுஷன்னு தெரிஞ்சே ஆட்டை அமுக்குறீங்களா? இதை நம்பித்தான் அவர் இருக்காரு."

"மெதுவாப் பேசும்மா, அவன் காதுல விழப்போகுது. கிழங்கட்டைங்க சூப்புக்குப் போகட்டும். அப்புறம் ஆசை தீரத் திட்டு."

வயதானவர்கள் கறி சூப் குடிக்க ஊர்க் கூடத்துக்குப் போனார்கள். தோர்கெல் மட்டும் நின்றுகொண்டார். அவர்கள் தலை மறைந்ததும், யாரும் சொல்லாமலே மற்றவர்கள் எல்லா அடைப்பையும் திறந்து, காது பார்த்து மறுபடி பிரித்தார்கள். ஹல்தோரின் ஏழு ஆடும் அவர் அடைப்புக்கே வந்தன. ரக்னா கவனிக்காத எட்டாவது ஒன்றும் வந்தது.

தோர்கெல் அவளிடம் விவரம் சொன்னார். இந்தப் பள்ளத்தாக்கில் எழுபதைத் தாண்டியவர்கள் தன்னையும் சேர்த்துப் பதினொரு பேர். அதில் நாலு பேருக்கு இந்த மறதி. போன வருஷம் ஒருத்தரை எல்லார் முன்னாலும் திருத்தப்போக, அவர் அழுதுவிட்டு, மறுநாளே ஆடுகளை விற்றுவிட்டார். அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு.

"கொம்பைப் பிடிச்சு இழுக்கிற வரைக்கும் அவன் பண்ணைக்காரன். அதை நாம ஏன் பிடுங்கணும்?"

ரக்னா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவர் நடுப்பட்டியில் தனியாக நின்ற ஓர் ஆட்டிடம் போய்க் காதைத் தடவிப் பார்த்தார்.

"இது நம்ம பள்ளத்தாக்கு ஆடே இல்ல. எங்கேயோ வழி தவறி வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, சூப் ஆறிவிடும் என்று கிளம்பினார்.

ரக்னா அதன் காதைப் பார்த்தாள். வலது காதில் நுனி வெட்டு. தோர்கெலின் அடைப்பில் நின்ற அத்தனை ஆட்டுக்கும் அதே வெட்டுதான்.

திரும்பிப் பார்த்தாள். அங்கே யாருக்கும் ஆச்சரியமில்லை. உன்னூர் வந்து ஒரு கொம்பைப் பிடித்தாள்.

"இந்தக் கோடையிலேருந்துதான். அந்தப் பக்கம் பிடி. அவர்கிட்ட எதுவும் சொல்லிக்காத."

இருவருமாக அதைத் தோர்கெலின் அடைப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

பதினொன்றில் நாலு போனால் மிச்சம் ஏழு என்பது தோர்கெலின் கணக்கு. உண்மையில் மிச்சம் ஆறு.