நல்ல எலும்பு

இடுப்பு மூட்டை மாற்றும்போது அறுத்தெடுக்கும் பழைய எலும்பு குப்பைக்குத்தான் போகும். அதன் மஜ்ஜையைச் செண்பகவல்லி கேட்டு வாங்கிக்கொள்வாள். ரத்தப் புற்றுநோய் செல்களின் சர்க்கரைப் பசியை அளப்பது அவளுடைய ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத மஜ்ஜை வேண்டும். நோய்ச் செல்கள் ஊற்றிய சர்க்கரையைத் தின்று தீர்த்துச் சிவப்புத் திரவத்தை மஞ்சளாக்கிவிடும். நல்ல செல்களின் குப்பி சிவப்பாகவே இருக்கும். அன்று காலை ‘நல்லது’ என்று எழுதிய குப்பியும் மஞ்சளாக இருந்தது. கிருமி விழுந்தாலும் மஞ்சளாகும்; அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். கிருமி இல்லை. அப்படியென்றால் எலும்புக்குச் சொந்தக்காரருக்கே அந்த நோய் இருக்கிறது.

“இது யாரோடது சார்?” என்று எலும்பு டாக்டர் ஜெபநேசனிடம் ஓடினாள்.

“பேரை எடுத்துட்டுத்தானேம்மா அனுப்புறோம். உங்க ரூல்தானே அது?”

அந்த வாரம் அறுவை செய்துகொண்ட எல்லோரையும், நடையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வரவழைத்தார்கள். சலவைத் துணி உடுத்தி வந்தவர்கள் வராந்தாவில் ஒருவருக்கொருவர் நடந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் உட்கார்ந்த லாரி டிரைவர், கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

“நடக்குறதுக்கு எதுக்கு மேடம் ரத்தம்?”

அவள் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“சரி, அந்தப் பழைய எலும்ப என்னதான் பண்ணுனீங்க? தூக்கிப் போட்டுட்டீங்களா?”

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தபடி, பதிலைக் கேட்க அவள் பக்கம் திரும்பினார்கள்.