எக்கிய வயிறு

சர்க்கரை வியாதி இருக்குமோ என்று தணிகாசலத்துக்குப் பயம். ரத்தம் எடுக்கும் ஊசிக்கு அதைவிடப் பயம். ஆஸ்பத்திரியில் எடை மெஷின் மேல் ஏறி நின்றார்.

“அறுபத்திரண்டு கிலோ” என்றது மெஷின்.

“உயரம் ஒன்று புள்ளி ஆறு ஐந்து மீட்டர். கிலோவை அதால் ரெண்டு தடவை வகுத்தால் இருபத்திரண்டே முக்கால். இருபத்துமூன்றைத் தாண்டவில்லை, ஆள் சரி” என்றது சுவரில் தொங்கிய அட்டவணை.

அப்படியானால் ஊசி வேண்டாம் என்று தணிகாசலம் செருப்பைத் தேடினார்.

நர்ஸ் கையிலிருந்த டேப்புக்கு மட்டும் சந்தேகம். “கையும் காலும் குச்சி. அந்த அறுபத்திரண்டு கிலோவும் எங்கேதான் இருக்கு?”

“எங்கே இருந்தால் உனக்கென்ன? மொத்தத்தைச் சொன்னேன், என் வேலை முடிந்தது” என்றது மெஷின்.

“வயித்துல கொழுப்பு சேர்ந்தா எடை சரியா இருந்தாலும் சர்க்கரை வரும்” என்று டேப் அவர் வயிற்றைச் சுற்றியது. தணிகாசலம் சட்டென்று மூச்சை இழுத்து வயிற்றை எக்கிக்கொண்டார்.

“முப்பத்திரண்டு அங்குலம். ஆண்களுக்கான முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. போதுமா, துப்பறியும் துரையே?” என்றது அட்டவணை.

டேப் பிடியை விடவில்லை. தணிகாசலத்தின் முகம் சிவந்தது. “சீக்கிரம்மா” என்றார், பல்லைக் கடித்தபடி.

“எனக்கு அவசரமே இல்லைங்க” என்றது டேப். “நீங்க மூச்சு விடுங்க.”