ஆற்றில் முக்காத பிள்ளை

தொண்டாமுத்தூர் மலையடிவாரத்தில் வேலி போட்டிருந்த அந்தக் குடியிருப்பில், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடாத குடும்பங்கள் மட்டும்தான் இருந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு வெளியே பள்ளிக்கூடம் கிடையாது, பஸ்ஸிலும் ஏற்றமாட்டார்கள். சுகந்தி விரும்பித்தான் அங்கே குடிபோனாள். மகள் யாழினிக்கு ஏழு வயதானபோது தட்டம்மை வேலியைத் தாண்டி வந்துவிட்டது.

யாழினியைச் சேர்த்த மருத்துவமனையில் நர்ஸ் சுகந்தியின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "நீங்க கூடவே இருக்கலாம்மா. உங்களுக்கு ஒட்டாது" என்றாள்.

யாழினி புத்தகத்திலிருந்து ஒரு கிரேக்கக் கதை வாசிக்கச் சொன்னாள். தாய் ஒருத்தி தன் மகனுக்கு எந்த ஆயுதத்தாலும் சாவு வரக்கூடாது என்று மாய ஆற்றில் முக்கி எடுத்த கதையைச் சுகந்தி வாசித்தாள். அந்தத் தாய் பிடித்திருந்த குதிகால் மட்டும் நனையவில்லை. பின்னாளில் அம்பு அங்கேதான் பாய்ந்தது.

"உனக்கு மட்டும் ஏம்மா ஒட்டாது?"

"சின்ன வயசுல எங்கம்மா எனக்கு எல்லா ஊசியும் போட்டாங்க, கண்ணு."

யாழினி இருமி முடித்துவிட்டு யோசித்தாள்.

"அப்ப நீ ஏன் என்னை ஆத்துப் பக்கமே கூட்டிட்டுப் போகல?"

அவள் குறை சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பயந்துட்டேன்டா. அந்தத் தண்ணிதான் உனக்கு ஆகாதுன்னு நெனச்சேன்."

மறுநாள் மத்தியானம் யாழினியின் மூச்சு நின்றது. அந்த நோய் தன்னையும் கொண்டுபோகட்டும் என்று சுகந்தி அவள் வாயில் வாய் வைத்து முத்தமிட்டாள். பிறகு வீட்டில் படுத்தபடி காத்திருந்தாள்.

வாரங்கள் போயின. அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.