பாயில் வைத்த வேர்

ராஜேஸ்வரி வாசலிலேயே சப்பாத்தையும் கம்பளித் தொப்பியையும் கழற்றினாள்.

பீஜிக் கிராமங்களில் தலையை மூடிக்கொண்டு யாரும் உள்ளே போவதில்லையாம். நகரத்து ரெக்ஸ்டேலில், ஒரு வீட்டின் கீழ்த்தள பேஸ்மென்ற் என்றாலும், பெரியவர் இருக்கும் இடம் தங்களுக்குக் கிராமம்தான் என்று லித்தியா சொல்லியிருந்தாள். ராஜேஸ்வரியோடு பேக்கரியில் வேலை செய்யும் பீஜிக்காரி அவள்.

அவள் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: குனிந்து போ. பாயில் இரு. அவர் பேசும்வரை வாய் திறக்காதே.

மன்னிப்புக் கேட்க வருபவர்கள் கொண்டுவரும் காவா வேரை, செய்தித்தாளில் சுற்றியபடியே பெரியவர் முன்னால் வைத்தாள். அவர் எடுத்தால் இருக்கலாம். எடுக்காவிட்டால் எழுந்து போய்விட வேண்டும்.

அவர் எடுக்கவில்லை.

சுவரோரம் ஆண்கள் வரிசையாக இருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. ராஜேஸ்வரிக்குக் கதவு எந்தப் பக்கம் என்பதுகூட மறந்துவிட்டது.

கடைசியில் பெரியவரின் கை நீண்டு வேரை மடிக்கு இழுத்தது. ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக எல்லோரும் ஒன்றாகக் கை தட்டினார்கள். அவள் திடுக்கிட்டுப் போனாள்.

“என் மகனைக் காரால் இடித்தவர் வரவில்லையா?” பெரியவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

கணவர் சண்முகநாதன் வெளியே காரில் இருக்கிறார் என்று அவள் கையால் காட்டினாள்.

அவள் காரிலிருந்து இறங்கும்போது சண்முகநாதன் அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்: “அடிச்சா வாங்கிக்கொள்ளுவன். அந்த மனுசன் அழுதா நான் என்ன செய்யிறது, சொல்லும்?”

பெரியவர், பக்கத்துச் சட்டியில் கரைத்து வைத்திருந்த காவாவைச் சிரட்டையில் மொண்டுகொண்டு எழுந்தார். வெறுங்காலோடு படியேறினார். ராஜேஸ்வரி பதறிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

அவர் வருவதைக் கண்டதும் சண்முகநாதன் கார்க் கதவைப் பூட்டிக்கொண்டார். ‘டக்’கென்று அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்டது.

“இஞ்சாருங்கோ, திறவுங்கோ!” என்று அவள் கண்ணாடியில் தட்டினாள்.

பெரியவர் தட்டவில்லை. கார் அருகே பனியில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். சிரட்டையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு காத்திருந்தார்.

வெகுநேரத்துக்குப் பிறகு கதவு திறந்தது. சண்முகநாதன் இறங்கி அவருக்கு எதிரே பனியில் இருந்தார். கொடுத்ததைக் குடித்தார். தலை நிமிரவில்லை.

பெரியவர் முன்னால் சாய்ந்து, பக்கத்தில் நின்ற ராஜேஸ்வரிக்கே சரியாகக் கேட்காத குரலில் கேட்டார்:

“உயிர் போகும்போது நீங்கள் மட்டும்தானே அவனோடு இருந்தீர்கள். கடைசியாக ஏதாவது சொன்னானா?”