சந்தனப் பொட்டு வைத்த கேமரா

கடையில் இருந்தவற்றிலேயே தரம் குறைந்த கேமராவைத்தான் மாதங்கி எடுத்தாள். மற்றவையெல்லாம் படத்தைத் தாமாகவே திருத்திவிடும். தழும்பை மறைக்கும், அழுகிற குழந்தையைச் சிரிக்க வைக்கும்.

"என் மக அழுதா, படத்துலயும் அழுதுட்டே இருக்கட்டுமுங்க," என்றாள் கடைக்காரரிடம்.

மகள் யாழியின் காதுகுத்துப் படங்களைப் பார்த்ததும் கணவன் எழிலரசு எரிந்து விழுந்தான்.

"என்ன கேமரா இது? பாப்பாவோட இடது கண்ணுல வெள்ளையா என்னமோ தெரியுது. நாளைக்கே திருப்பிக் குடுத்துட்டு வந்தர்றேன்."

தானாகத் திருத்தும் அவனுடைய கேமராவில் யாழியின் இரண்டு கண்களும் கருகருவென்று மின்னின.

மாதங்கி அவனை உட்காரவைத்து, பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தாள். அவன் கண்களில் வெள்ளை இல்லை. பிறகு குழந்தையைப் படம் எடுத்தாள். அதே இடது கண்ணில் அதே வெள்ளை.

"ஏனுங்க, கேமரா சரியாத்தான் இருக்குது," என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

கண் மருத்துவமனையில், விழித்திரையில் சின்னக் கட்டி என்றார்கள். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கண்ணையே எடுக்க வேண்டி வந்திருக்கும்," என்றார் டாக்டர்.

சிகிச்சையில் கண் பிழைத்தது.

ஆயுத பூஜையன்று எழிலரசு அந்தக் கேமராவைத் துடைத்து, லென்ஸில் படாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தான். காருக்குப் பொட்டு வைக்க மறந்தே போனான். பிறகு கேமராவை மகளின் பக்கம் திருப்பினான். இரண்டு கண்களிலும் நீர் வழிய யாழி வீறிட்டு அழுதாள்.

அவன் அப்படியே எடுத்தான்.